பிப்ரவா மேடும் ஒரு பொய்யரின் நிழலும்

2025 மே மாதம் ஹாங்காங்கில் சோத்பீஸ் நிறுவனம் ஏலம் விடவிருந்த பழங்கால மணிகள், இந்திய அரசின் எதிர்ப்பால் தப்பின. ஜூலையில் இந்தியா வந்து சேர்ந்தன. புத்தரின் எலும்புகளோடு புதைக்கப்பட்டவை என்று கருதப்படும் அவை கிடைத்த பிப்ரவா மேட்டையே நம்பலாமா என்ற கேள்விக்கு வயது அதிகம்.

1898 ஜனவரியில், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் நேபாள எல்லையோரம், எஸ்டேட் நிர்வாகி வில்லியம் பெப்பே அந்தச் செங்கல் மேட்டை வெட்டினார். உள்ளே பெரிய கற்பெட்டி. அதில் மாக்கல் பேழைகள், மீன் வடிவப் பிடியுள்ள படிகப் பேழை, எலும்புத் துண்டுகள், நூற்றுக்கணக்கில் மணிகள். ஒரு பேழையில் புத்தரையும் அவர் குலத்தாரான சாக்கியரையும் குறிப்பிடும் பிராமி எழுத்து.

ஐயம் ஃபியூரரால் வந்தது. அதே காலத்தில் நேபாளத்தின் சாகர்வாவில் அகழாய்வு நடத்திய இந்த அரசுத் தொல்லியலாளர், இல்லாத கல்வெட்டுகளை இருப்பதாக எழுதியவர். பர்மியத் துறவி ஒருவருக்குப் போலி எலும்புகளைப் புத்தருடையவை என்று கொடுத்தவர். அம்பலப்பட்டு, அதே ஆண்டில் பதவி விலகினார். அவரோடு பெப்பே தொடர்பில் இருந்ததால், பேழையின் எழுத்தும் ஃபியூரரின் கைவேலையோ என்று சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயமே.

ஆனால் பக்கத்து ஊரில் சொன்ன பொய் இந்த ஊருக்குச் சாட்சியாகாது. 1971இல் கே.எம். ஸ்ரீவஸ்தவா தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டத் தொடங்கியது. பெப்பேயின் கற்பெட்டி இருந்த மட்டத்துக்கும் கீழே, செங்கல் அறைகளில், எலும்புகளோடு இரண்டு மாக்கல் பேழைகள் கிடைத்தன. மேடு புனைவல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா?

இங்கேதான் இந்தியத் தரப்பு ஒரு படி தாண்டிக் குதிக்கிறது. விகாரை இடிபாட்டில் கிடைத்த சுடுமண் முத்திரைகளில் கபிலவஸ்து பிக்கு சங்கத்தின் பெயர் இருப்பதால், சாக்கியரின் தலைநகரான கபிலவஸ்துவும் இதுவே என்கிறார்கள். அந்த முத்திரைகள் புத்தருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. அவை ஒரு மடத்தை அடையாளம் காட்டும், நகரத்தை அல்ல. நேபாளம் முன்வைக்கும் திலௌராகோட்டில் மதிலும் அகழியும் சூழ்ந்த நகரமே மண்ணுக்கடியில் கிடக்கிறது.

எலும்பு யாருடையது? பேழையின் வாசகத்தைப் புத்தரின் எச்சம் என்று படித்தவர்கள் பலர். புத்தரின் உறவினர்களுடைய எச்சம் என்று படித்தார் ஜே.எஃப். ஃப்ளீட். ஸ்ரீவஸ்தவா கண்டெடுத்த பேழைகளில் எழுத்தே இல்லை. ஆனாலும் ‘கபிலவஸ்து எச்சங்கள்’ என்ற பெயரோடு அந்த எலும்புகள் 2012இல் இலங்கைக்கும் 2022இல் மங்கோலியாவுக்கும் போய் வந்தன. மக்கள் வணங்கட்டும். ஆனால் அருகே வைக்கும் பலகையில் ஃப்ளீட்டின் வாசிப்புக்கும் திலௌராகோட்டுக்கும் தலா ஒரு வரி இடம் கொடுக்க வேண்டும்.