கருவி மோகம்

ஆயுத பூஜையும் தீபாவளியும் நெருங்கினால் பெங்களூர்க் கடைவீதிகளில் மின்னணுக் கருவிகளின் விற்பனை சூடு பிடிக்கிறது. பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெறலாம், முன்பணம் வேண்டாம், வட்டியில்லாத் தவணை என்று விளம்பரங்கள் கூவி அழைக்கின்றன. 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ண ஒளிபரப்புத் தொடங்கியபோது, டெலிவிஷன் உள்ள வீட்டில் தெருவே கூடியது. இன்று அதே தெருவில் வீட்டுக்கொன்று என்பது போய் ஆளுக்கொரு திரை வந்துவிட்டது. மேஜை அறைகளிலோ, செத்துப்போன செல்போன்கள் நான்கைந்து கிடக்கின்றன.

கருவிகளையே வெறுத்து ஒதுக்குவது அறிவுடைமையாகாது. காது மந்தமான முதியவருக்குக் காதுக் கருவி ஒரு மறுவாழ்வு. 2016இல் யு.பி.ஐ. வந்த பிறகு, சிவாஜிநகரில் பூ விற்கும் பெண்மணிக்கும் சில்லறைத் தொல்லை குறைந்திருக்கிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த குடும்பங்கள், தர்மபுரியிலும் திருவண்ணாமலையிலும் இருக்கும் பெற்றோரின் முகத்தை நாள்தோறும் பார்த்துப் பேச முடிகிறது. இவையெல்லாம் வாழ்க்கைக்குத் துணை நிற்பவை என்பதில் ஐயமில்லை.

ஆனால் வாங்கப்படுபவை யாவும் இந்த வகையைச் சேர்ந்தவையா? முட்டை அவிப்பதற்கென்றே ஒரு கருவி. தொப்பையைக் கரைப்பதாகச் சொல்லி அதிர்ந்து மட்டும் காட்டும் பெல்ட். பேசினால் எரியும் விளக்கு. முதல் வாரம் விருந்தாளிகளுக்குக் காட்டப்படும். மூன்றாம் மாதம் பரணுக்கு ஏறும். தவணை மட்டும் பரண் ஏறுவதில்லை. மாதந்தோறும் சம்பளத்தில் பங்கு கேட்கும். பூஜ்ய வட்டி என்பது உண்மையில் இல்லாத ஒன்று என்று ரிசர்வ் வங்கியே 2013இல் சுட்டிக்காட்டியது. வட்டி வேறு பெயரில் விலைக்குள்ளோ கட்டணத்துக்குள்ளோ ஒளிந்திருக்கிறது என்பதை வாங்குவோர் மறந்துவிடலாகாது.

பயனுள்ள கருவிக்கு அடையாளம் ஒன்று உண்டு: அதைப் பழுது பார்க்க முடியும். கோவை கிரைண்டர் இதற்கு நல்ல உதாரணம். பெல்ட் அறுந்தால் மாற்றலாம். கல் தேய்ந்தால் கொத்திக் கொள்ளலாம். மோட்டார் எரிந்தால் காயில் கட்டலாம். எத்தனையோ வீடுகளில் மாமியார் காலத்துக் கிரைண்டரில் மருமகள் மாவு அரைக்கிறாள். இன்று காதில் செருகிக்கொள்ளும் ஒலிக்கருவிகள் பலவற்றிலோ பாட்டரி பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அது தளர்ந்தால் திறக்க வழியில்லை. குப்பைக்குத்தான் போக வேண்டும். எஸ்.பி. ரோட்டில் பாகம் தேடிப் பிடித்துப் பழுது நீக்கும் கைகளுக்கு வேலை குறைவதும் இதனால்தான்.

தூக்கி எறிந்த பொருள் எங்கே போகிறது என்று வாங்கியவர் கேட்பதில்லை. ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதமே. மீதியில் ஒரு பகுதி, செம்புக்காகக் கம்பியை எரிப்பவர்களிடமும், தங்கத்துக்காகச் சர்க்யூட் போர்டை அமிலத்தில் முக்குபவர்களிடமும் போய்ச் சேருகிறது. அந்தப் புகையையும் ஈயத்தையும் சுவாசிப்பவர்கள், அக்கருவியை ஒருநாளும் வாங்கியிராத ஏழைகள். பெங்களூரில் பழைய பொருள் பொறுக்கிப் பிழைப்போரில் தமிழ் பேசுவோரும் உண்டு. ஒருவருடைய மோகத்துக்கு மற்றொருவருடைய நுரையீரல் விலை கொடுப்பது நியாயமாகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் கருவிகளுக்குப் பொருந்தும். விற்ற பொருள் கழிவானதும் அதில் குறிப்பிட்ட பங்கை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை அவை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. பழுது பார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும் இணையதளம் திறந்தால் போதாது. கருவியும் திறக்க வேண்டும். உதிரி பாகங்களும் பழுது பார்க்கும் விவரங்களும் தெருக்கோடி மெக்கானிக்குக்கும் நியாய விலையில் கிடைக்குமாறு சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும். வார்டுதோறும் பழைய கருவிகளைப் பெற்றுக்கொள்ளும் இடம் ஒன்றை மாநகராட்சி அமைத்து, அதை மக்கள் அறியச் செய்யவும் வேண்டும். கழிவைப் பிரித்தெடுக்கும் தொழிலாளரை விரட்டாமல், பயிற்சியும் பாதுகாப்பும் தந்து முறையான தொழிலுக்குள் கொண்டுவருவதே நேர்மையான வழி.

அரசு செய்யட்டும் என்று மக்கள் கைகட்டி இருப்பதும் சரியல்ல. வாங்குமுன் மூன்று கேள்விகள் போதும்: தினமும் பயன்படுமா? பழுதானால் சரிசெய்ய ஆள் உண்டா? வீட்டில் இதே வேலைக்கு வேறொன்று இருக்கிறதா? ஆயுத பூஜையன்று கருவிக்குச் சந்தனப் பொட்டிட்டு வணங்குவது, அது உழைத்துச் சோறு போடுகிறது என்பதற்காக. பரணில் தூசி படிந்து கிடக்கும் பொருளுக்கு அந்த மரியாதையைத் தர முடியாது. இவ்வாண்டு புதியதொன்றை வாங்குமுன், பழையதைப் பழுது பார்க்கக் கொடுப்பதே நல்ல தொடக்கமாகும்.