தாத்தாவைக் கேட்காமலேயே டிக் போட்டது நான்தான்

நண்பர்களே, இன்னைக்குப் பதிவுல யாரையும் திட்டப் போறதில்ல. ஒரு தப்பை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். அது என்னோட தப்பு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க தாத்தாவோட லைசென்ஸ் முடிஞ்சுது. அப்போ அவருக்கு 72 வயசு. அவரோட டிவிஎஸ் எக்ஸ்எல் தான் அவருக்குக் கை, கால் எல்லாமே. தோட்டத்துக்குப் போகணும்னாலும், ரேஷன் கடைக்குப் போகணும்னாலும் அதுதான். வீட்டுல இன்ஜினியரிங் படிச்சவன் நான் ஒருத்தன்தானே, லேப்டாப்போட நான் உட்கார்ந்தேன்.

சாரதி இணையதளத்துல சுய உறுதிமொழிப் படிவம் வந்துச்சு. வலிப்பு, திடீர் மயக்கம் வருமா? மாலைக்கண் உண்டா? நல்ல பகல் வெளிச்சத்துல 25 மீட்டர் தள்ளி நிக்கிற காரோட நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா? சிவப்பு, பச்சை தெரியுமா?

தாத்தா பக்கத்துத் திண்ணையிலதான் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கேள்விகூட அவரைக் கேட்கல. 'இல்லை' வேண்டிய இடத்துல இல்லை, 'ஆம்' வேண்டிய இடத்துல ஆம். ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது.

அடுத்தது டாக்டர் சர்டிபிகேட். ஆபீஸுக்கு எதிர்ல ஒருத்தர், "முந்நூறு ரூபா குடுங்க தம்பி, சீல் போட்டே இருக்கு"ன்னார். தாத்தா டாக்டரைப் பார்க்கல. டாக்டரும் தாத்தாவைப் பார்க்கல. வெயில்ல அலையாம வேலை முடிஞ்சுதேன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்தோம்.

எட்டு மாசம் கழிச்சு, சாயங்காலம் ஆறே முக்கால் மணி. எதிர்ல லாரி ஹெட்லைட். அந்த வெளிச்சத்துல முன்னாடி சைக்கிள்ல போன எட்டாம் வகுப்புப் பையன் தாத்தா கண்ணுக்குத் தெரியல. பையனுக்குக் கால் எலும்பு முறிஞ்சு, மூணு மாசம் ஸ்கூல் போகல. அவங்க அப்பா கூலி வேலைக்குப் போறவர். ஆஸ்பத்திரியில தாத்தாவையும் செக் பண்ணாங்க. ரெண்டு கண்ணுலயும் நல்லா முத்தின புரை.

அன்னைக்கு ராத்திரி தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "படிச்சவன்தானேடா நீ, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அதுக்கு என்கிட்ட இன்னைக்கும் பதில் இல்ல. அதனாலதான் இந்தப் பதிவு.

*சட்டம் இல்லாம இல்ல*

நம்ம நாட்டுல சட்டத்துக்குக் குறையே இல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி 40 வயசைத் தாண்டினவங்களுக்குப் படிவம் 1ஏ கட்டாயம். பதிவு பெற்ற மருத்துவர் நேர்ல பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய சான்றிதழ் அது. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த வாகனம் ஓட்டுறவங்க 55 வயசுக்கு மேல புதுப்பிச்சா, லைசென்ஸ் 5 வருஷத்துக்குத்தான் செல்லும். அதாவது அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு டாக்டர் நம்ம தாத்தா, பாட்டி, அப்பா, அம்மாவைக் கட்டாயம் பார்க்கணும்னு சட்டமே ஏற்பாடு பண்ணி வச்சிருக்கு. எவ்வளவு நல்ல வாய்ப்பு! அதைத்தான் நாம எல்லாரும் சேர்ந்து முந்நூறு ரூபா சீலா மாத்தி வச்சிருக்கோம்.

அந்த 25 மீட்டர் எதுக்குன்னு ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். 40 கி.மீ. வேகத்துல போற வண்டி ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் போகும். 25 மீட்டரைத் தாண்ட ரெண்டே கால் செகண்ட். 60 கி.மீ. வேகம்னா ஒன்றரை செகண்ட். அந்த நேரத்துக்குள்ள பார்க்கணும், புரிஞ்சுக்கணும், பிரேக்கை அழுத்தணும். 25 மீட்டரே தெளிவாத் தெரியலைன்னா அதுக்கு அப்புறம் எல்லாம் சாமி விட்ட வழிதான்.

அதுவும் நல்ல பகல் வெளிச்சத்துல. தாத்தா விழுந்தது சாயங்காலம். புரை இருக்கிற கண்ணுல எதிர் ஹெட்லைட் வெளிச்சம் சிதறும், முன்னாடி எதுவுமே தெரியாது. பகல்ல "எனக்கு நல்லாத்தான் தெரியுது"ன்னு அவங்க சொல்றது பொய் இல்ல. கண் நீர் அழுத்த நோய் இன்னும் மோசம். நேர்ப் பார்வை நல்லா இருக்கும், நம்பர் பிளேட்டைக்கூடக் கடகடன்னு படிச்சிடுவாங்க. பக்கவாட்டுப் பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டே இருக்கும், அவங்களுக்கே தெரியாது. சந்துல இருந்து வர்ற குழந்தை கண்ணுல படாது. சர்க்கரை ரொம்ப நாளா இருந்தா பாதம் மரத்துப் போகும், பிரேக்கை எவ்வளவு அழுத்துறோம்னே உறைக்காது. மருந்து போட்டுட்டுச் சாப்பிடாம கிளம்பினா, சர்க்கரை சட்டுன்னு இறங்கி மயக்கம் வரும்.

இதெல்லாம் டாக்டர் பத்து நிமிஷம் உட்கார வச்சுக் கேட்டா, கண்ணைப் பார்த்தா வெளிய வர்ற விஷயம். எதிர்க்கடை சீல்ல எதுவும் வராது.

*வயசானவங்களைக் குறி வைக்கிறோமா?*

கமெண்ட்ல இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நியாயமான கேள்வி. 2022-ல நாட்டிலேயே அதிகமா விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105 விபத்து. அதே வருஷம் நாடு முழுக்க விபத்துல இறந்தவங்கள்ல ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் 18 முதல் 45 வயசுக்காரங்க. ரோட்டுல பறக்கிறது என் வயசுப் பசங்கதான், தாத்தாக்கள் இல்ல. இதை மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. வேகமாப் போறவனுக்குத் தான் வேகமாப் போறோம்னு தெரியும். புரை விழுந்தவருக்குத் தனக்குப் பார்வை குறைஞ்சது தெரியாது. முதல் ஆளுக்கு அபராதம் போடணும். ரெண்டாவது ஆளுக்கு யாராவது எடுத்துச் சொல்லணும், அவ்வளவுதான். இந்தப் பரிசோதனை வயசானவங்களுக்குத் தண்டனை கிடையாது. அவங்களுக்குச் சேர வேண்டிய உரிமை.

இன்னொரு பயமும் நியாயமானது. 65 வயசு ஆட்டோக்காரர் ஒருத்தர் கேட்கிறார், "டாக்டர் இல்லைன்னுட்டா என் அடுப்பு எப்படித் தம்பி எரியும்?" ஃபெயில் ஆனா அடுத்து என்னன்னு வழி சொல்லாத வரைக்கும் மக்கள் சீலைத் தேடித்தான் போவாங்க. சட்டத்தை மட்டும் இறுக்கினா முந்நூறு ரூபா ஆயிரம் ரூபா ஆகும், வேற எதுவும் மாறாது.

ஜப்பான்ல 75 வயசைத் தாண்டினவங்க லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது நினைவாற்றல் பரிசோதனை கட்டாயம். 2022-ல இருந்து, குறிப்பிட்ட விதிமீறல் செஞ்ச 75 வயசுக்காரங்க வண்டி ஓட்டியும் காட்டணும். கண்டிப்பு அதோட நிக்கல. தானா முன்வந்து லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கிற ஏற்பாட்டையும் 1998-லயே கொண்டுவந்தாங்க. அப்படிக் கொடுத்தவங்களுக்குப் பல ஊர்கள்ல பஸ், டாக்ஸி கட்டணத்துல சலுகை உண்டு. ஒரு கையால வாங்கினா இன்னொரு கையால கொடுக்கணும், அதுதான் மரியாதை.

*நாம கேட்கிறது நாலே விஷயம்*

1. படிவம் 1ஏ பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல, வாரத்துல ஒரு நாள், இலவசமா நடக்கணும். சர்க்கரையும் பிரஷரும் அங்கதானே பார்க்கிறாங்க? கண் மருத்துவ உதவியாளர் இருக்கிற நிலையங்கள்ல பக்கவாட்டுப் பார்வையையும் சேர்த்துப் பார்க்கணும்.

2. பாஸ், ஃபெயில்னு ரெண்டே முடிவு வேண்டாம். 'தகுதி உண்டு', 'கண்ணாடியோட ஓட்டலாம்', 'பகல்ல மட்டும் ஓட்டலாம்', 'சிகிச்சை முடிச்சுட்டு வாங்க'ன்னு நாலு முடிவு இருக்கட்டும். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல தொடங்கின மண் இது. அரசு ஆஸ்பத்திரியிலயே இலவசமாப் புரை ஆபரேஷன் பண்றாங்க. அப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தர் புரையோட வண்டி ஓட்டுறார்னா, அவரை யாரும் அங்க அனுப்பி வைக்கலன்னு அர்த்தம்.

3. ஆளைப் பார்க்காம சான்றிதழ்ல கையெழுத்துப் போடுற டாக்டர் மேலயும், அதை விக்கிற புரோக்கர் மேலயும் நடவடிக்கை வேணும். வரிசையில நிக்கிற முதியவரை மட்டும் மிரட்டுறதுல பிரயோஜனம் இல்ல.

4. வண்டியை விடுறவங்களுக்கு மாற்று வழி வேணும். சென்னை மாநகரப் பேருந்துல 60 வயசைத் தாண்டினவங்களுக்கு மாசம் 10 இலவச டோக்கன் உண்டு. நல்ல விஷயம். ஒரு நாளைக்கு நாலு தடவை பஸ் வர்ற எங்க ஊர்ல இருக்கிற தாத்தாவுக்கும் அப்படி ஏதாவது வேணாமா?

*நம்ம பங்கு*

வார்டு ஆபீஸ்கள்ல நம்ம பசங்கதான் இலவசமா ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறோம். இனிமே ஒரு பழக்கம் வச்சுக்குவோம். லைசென்ஸ் புதுப்பிக்க யார் வந்தாலும் அந்தப் படிவத்துல இருக்கிற ஒவ்வொரு கேள்வியையும் தமிழ்ல வாய்விட்டுக் கேட்கணும். அவங்க சொல்ற பதிலுக்குத்தான் டிக். கண் சரியில்லன்னு சொன்னா முதல்ல கண் முகாமுக்குக் கூட்டிட்டுப் போகணும், படிவத்தை அப்புறம் பார்த்துக்கலாம். லைசென்ஸ் முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிஞ்ச பிறகும் ஒரு வருஷத்துக்குள்ள விண்ணப்பிச்சா திரும்ப டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டியதில்ல. ஆனா முடிஞ்ச லைசென்ஸோட வண்டி ஓட்டக் கூடாது. அதனால முன்கூட்டியே ஆரம்பிங்க. ஆபரேஷன் பண்ணி, கண்ணாடி போட்டு, நிதானமா வர நேரம் தாராளமா இருக்கு.

தாத்தாவுக்கு இப்போ ரெண்டு கண்ணும் ஆபரேஷன் ஆயிடுச்சு. பேப்பரைக் கண்ணாடி போட்டுப் படிக்கிறார். எக்ஸ்எல்லைப் பகல்ல தோட்டத்துக்கு மட்டும் எடுக்கிறார், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடுவார். அந்தப் பையன் வீட்டுக்கு மாசம் ஒரு தடவை போய் அவனைப் பார்த்துட்டு வர்றார். நானும் கூடப் போறேன்.

இந்தப் பதிவை ஷேர் பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. இன்னைக்குச் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தெருவுல நிக்கிற ஒரு காருக்கு முன்னாடி இருந்து 35 எட்டு நடங்க, ஏறக்குறைய 25 மீட்டர் வரும். அப்பாவையோ அம்மாவையோ அங்க நிக்க வச்சு நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்லுங்க. ஒரு கண்ணை மூடிட்டு ஒரு தடவை, அடுத்த கண்ணை மூடிட்டு ஒரு தடவை.

படிச்சுட்டாங்கன்னா சந்தோஷம். தடுமாறினாங்கன்னா நாளைக்கே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் செய்யாம விட்டது அதைத்தான்.

#கேட்டுட்டு_டிக்_போடு