திலகவதியாரின் நம்பிக்கை

துன்பம் வந்தால்தான் சாமி நினைப்பு வரும் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. துன்பம் நம்மைக் கோயில் வாசல்வரை இழுத்து வரும். உள்ளே போய் நிலைப்பது வேறு காரியம். இந்த வேறுபாட்டை 7ஆம் நூற்றாண்டில், பண்ருட்டி அருகே திருவாமூரில் பிறந்த ஓர் அக்காள் தம்பியின் வாழ்க்கையில் தெளிவாகக் காணலாம். தம்பி மருள்நீக்கியார், சமணத் துறவியாகித் தருமசேனர் எனப் பெயர் பெற்றவர். சூலைநோய் தாளாமல் திருவதிகையில் இருந்த அக்காள் திலகவதியாரிடம் வந்தார், திருநீறு பெற்றார், பாடினார், நோய் நீங்கித் திருநாவுக்கரசர் ஆனார். இதை விரித்துச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல் என்பதால் சிலர் ஐயப்படலாம். ஆனால், நான்காம் திருமுறையின் முதல் பதிகத்திலேயே, குடலை முறுக்கும் வலியைத் தாங்க முடியவில்லை என்று அவரே முறையிடுகிறார். அந்த வலி புராணக் கற்பனை அல்ல.

‘நோய் தீர்ந்தது, நம்பினார், இது வெறும் கொடுக்கல் வாங்கல்தானே?’ என்று கேட்கலாம். அக்காளைப் பார்த்தால் அந்தக் கேள்வி நிற்காது. தந்தை இறந்தார், தாயும் உடன் போனார், மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மடிந்தார். தானும் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி அழுது தடுத்ததால் அவருக்காகவே வாழ்ந்தார். பிறகு அந்தத் தம்பியும் வேறு சமயம் தேடிப் போய்விட்டார். இத்தனைக்கும் நடுவில் அவர் திருவதிகைக் கோயில் முற்றத்தைப் பெருக்கி, சாணமிட்டு மெழுகி, பூப்பறித்து மாலை கட்டினார். தம்பி ஒருநாள் திரும்பினார், இறந்தவர்கள் திரும்பவில்லை. இழப்புக்கு ஈடு கிடைக்காமலும் நிலைத்த நம்பிக்கையை வியாபாரம் என்று எப்படிச் சொல்வது?

துன்பத்தால் நம்பிக்கை இழந்தவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் ‘கடவுள் சோதிக்கிறார்’ என்பது ஆறுதல் அல்ல, கொடுமை. சூலை வந்ததும் இறைவன் அருளே என்று திலகவதியார் தம்பியிடம் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறதே எனலாம். அவர் சொல்லலாம். தன் துயரைச் சுமந்து கடந்தவர், வலியோடு வந்தவரை ஏற்றுக்கொண்டு சொன்ன சொல் அது. துன்பத்துக்குப் பொருள் காண்பது அதைப் பட்டவரின் உரிமை. மற்றவர் செய்யக்கூடியது, பக்கத்தில் இருப்பது மட்டுமே.

ஆகவே, நம்பிக்கைக்கு அளவுகோல் வலி தீர்ந்ததா என்பது அல்ல; வலிக்குப் பிறகு கை என்ன செய்தது என்பதே. குணமான நாவுக்கரசர் உழவாரத்தைக் கையிலெடுத்துக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். அக்காள் பெருக்கிய முற்றத்தில் தொடங்கிய தொண்டு அது. இன்றும் சிவன் கோயில்களில் அந்த உழவாரத்தைத் தாங்கியபடியே அவர் நிற்கிறார்.