பட்டியலின் முதல் வரி

ஜூலை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் எண்களால் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். "2006-ல இ.சி. முடிஞ்சிரும், 2007-ல ட்ரை பண்ணலாம்" என்று பதினேழு வயதுப் பிள்ளை சொல்லும். திண்ணையில் இருக்கும் தாத்தாவுக்கு அது ஏதோ வருஷக் கணக்காகத் தோன்றும். பொறியியல் கலந்தாய்வுக்குள் போய் வந்த குடும்பங்களுக்குத்தான் இவை கல்லூரிகளின் குறியீட்டு எண்கள் என்று தெரியும். 1 என்றால் கிண்டி பொறியியல் கல்லூரி. 4 என்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி. 2005 கோவை ஜி.சி.டி., 2006 பி.எஸ்.ஜி. டெக், 2007 சி.ஐ.டி., 5008 மதுரை தியாகராசர். பிள்ளைகள் இதையெல்லாம் இரண்டே வாரத்தில் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். பெற்றோர் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. "நீயே பாத்து ஏதாவது போட்டுக்கோ" என்பார் ஒருவர். "நான் சொல்றத மட்டும் போடு" என்பார் இன்னொருவர். கேட்பதற்கு நேரெதிரான பேச்சுகள். இரண்டிலும் பிள்ளை தனியாகத்தான் விடப்படுகிறது.

இந்தத் தனிமையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று தோன்றியது. நம் மாநிலத்தில் 1984 முதல் 2006 வரை பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு இருந்தது. அதை நீக்கிய சட்டம் வந்தபின் 2007-இலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் நகரத்துக் கோச்சிங் பிள்ளைக்கும் ஒரே வாசலைத் திறந்துவைத்த ஏற்பாடு இது. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் வாசல் வரை அழைத்துவரும் இந்த ஏற்பாடு, உள்ளே எந்த அறைக்குப் போவது என்ற கேள்வியைக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு வீட்டில் யாரும் பதில் தேடிப் பழகியதில்லை என்பதுதான் முதல் தலைமுறைக் குடும்பங்களின் சிக்கல்.

2017 வரை இதற்காகக் கிண்டிக்கே போக வேண்டியிருந்தது. இரவுப் பேருந்தில் வந்திறங்கிய குடும்பங்கள் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தின் மர நிழலில் காத்திருக்கும். பெரிய திரையில் காலியிடங்கள் குறைந்துகொண்டே வரும். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், சில நிமிடங்களில் நான்காண்டுப் படிப்பைச் சொல்லிவிட்டு வர வேண்டும். 2015-இல் கோவை வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்குப் போக வேண்டிய ஒரு தாயும் மகளும் தவறுதலாகச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்து நின்றதும், அங்கே காலை நடைக்கு வந்தவர்கள் கைக்காசு போட்டு அவர்களை விமானத்தில் அனுப்பிவைத்ததும் பெரிய செய்தியானது. வழி சொல்ல ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சீட்டு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று அன்று எல்லோரும் பார்த்தோம். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்கு வந்துவிட்டது. வளாகமும் இல்லை, திரையும் இல்லை, உதவ முன்வரும் நடைப்பயிற்சிக்காரர்களும் இல்லை. எல்லாம் வீட்டுக் கூடத்தில், ஒரு செல்போனில்.

தாராபுரத்தில் எனக்குத் தம்பி முறையாகும் ஒருவர் டூவீலர் மெக்கானிக். சென்ற ஆண்டு அவர் மகளுக்கு 181 கட்-ஆஃப். சுற்றிலும் காற்றாலைகள் சுழலும் ஊர் அது. அவற்றைப் பார்த்தே வளர்ந்த பெண்ணுக்கு எலெக்ட்ரிகல் படிக்க ஆசை. நான் போயிருந்த அன்று ஒரு லாங் சைஸ் நோட்டில் கோடு போட்டு, இடப்பக்கம் கல்லூரி எண், நடுவில் பாடப்பிரிவு, வலப்பக்கம் முந்தைய ஆண்டு அந்த இடம் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று எழுதி வைத்திருந்தாள். முதல் மூன்று வரிகள் 2006, 2007, 2005. மூன்றும் முந்தைய ஆண்டு அவள் மதிப்பெண்ணுக்கு மேலேயே முடிந்துபோனவை.

அப்பா நோட்டைப் பார்த்தார். "கண்ணு, இந்த மூணும் நமக்குக் கெடைக்காதுன்னு நீயே எழுதியிருக்கறயே. மொதல்ல போட்டு எதுக்கு வீணாக்கோணும்? கெடைக்கறத மேல போட்டரலாமல்ல?"

"எத்தன வேணாலும் போடலாமுங்ப்பா. கெடைக்கலைன்னா அடுத்ததுக்குத் தானா போயிரும்."

அவள் சொன்னது சரி. தகப்பனார் பயப்பட்டதிலும் தப்பில்லை. வாழ்நாள் முழுக்க எந்த வரிசையில் நின்றாலும் தவறான கவுண்டரில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பியதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். கலந்தாய்வில் கதை வேறு. தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருகிறது. எந்த வரியில் இடம் இருக்கிறதோ அங்கே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பதை அது பார்ப்பதே இல்லை. ஆகவே கிடைக்காத ஆசையை முதலில் எழுதினால் நஷ்டம் எதுவும் கிடையாது. கிடைப்பதைப் பயந்து மேலே எழுதினால்தான் நஷ்டம், ஏனென்றால் கணினி அங்கேயே நின்றுவிடும். கூடுதலாகக் கல்லூரிகளைப் போடுவதற்குத் தடையும் இல்லை. இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோரை உட்காரவைத்துக் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். பட்டியல் ஆசையின் வரிசையில் இருக்க வேண்டும். கட்-ஆஃப் வரிசையில் இருக்கவே கூடாது.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் இரண்டு நாளுக்குள் ஐந்தில் ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும். இந்த இடத்தை ஏற்றுச் சேர்கிறேன் என்பது ஒன்று. ஏற்கிறேன், ஆனால் மேலே இடம் காலியானால் கொடுங்கள் என்பது இன்னொன்று, பிள்ளைகள் 'அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்' என்பார்கள். மற்ற மூன்றும் மறுப்பின் வகைகள்: மறுத்துவிட்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது, மொத்தமாக விலகுவது. அப்வேர்ட் கொடுத்தவருக்கு மேலே ஒன்று கிடைத்துவிட்டால் கையில் இருந்த பழைய இடம் தானாகவே போய்விடும். அங்கேதான் அரைமனதோடு போட்ட வரிசை கடிக்கிறது. அத்தையின் திருப்திக்காக மேலே எழுதிய கல்லூரி கிடைத்து, பிள்ளை உண்மையில் விரும்பிய கல்லூரி கை நழுவிப் போன வீடுகள் உண்டு. மேலே எழுதிய ஒவ்வொரு வரியையும், கிடைத்தால் போவேன் என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போக மாட்டேன் என்றால் அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

அந்தப் பட்டியலை யார் எழுதுவது? பிள்ளைதான். பெற்றோர் எழுத வேண்டியது வேறு ஒரு தாள். அதில் பணம் இருக்க வேண்டும். ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும், விடுதிக்கு எவ்வளவு, தங்கைக்கும் இதே செலவு எப்போது வரும், எவ்வளவு கடன் வாங்கலாம். இதைப் பதினேழு வயதுப் பிள்ளையிடம் சொல்ல நம் வீடுகளில் கூச்சப்படுகிறார்கள். "பணத்தப் பத்தி நீ கவலப்படாத, படிக்கற வழியப் பாரு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ஒதுக்கீடு வந்த இரவில் "இவ்வளவா?" என்று முகம் கறுக்கிறார்கள். அந்த முகத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? மே மாதமே உட்கார்ந்து தொகையைச் சொல்லிவிட்டால் பிள்ளை அதற்குள் ஆசைப்படும். அது பிள்ளையை மதிப்பதும் ஆகும்.

பணம் பேசும்போது கூடவே பேச வேண்டியவை சில. குடும்பத்தில் பட்டம் பெறப்போகும் முதல் ஆள் என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க வேண்டும். கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான் அதனால் கல்விக் கட்டணச் சலுகை, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலிலும் இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். வங்கிக் கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும்.

இவ்வளவு இருந்தும் ஏப்ரலிலேயே ஓடிப்போய் முன்பணம் கட்டுகிற பழக்கம் வளர்ந்துகொண்டே வருகிறது. தேர்வு முடிவே வந்திருக்காது. "இன்னிக்கு 50,000 கட்டினாத்தான் சி.எஸ். சீட்டு, நாளைக்கு இருக்காது" என்று ஒருவர் போன் செய்வார். பயம் பிடித்துக்கொள்ளும், நகை அடகுக் கடைக்குப் போகும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படிக் கட்டிய பிறகு கலந்தாய்வில் இதைவிட நல்ல கல்லூரி கிடைத்தது. கட்டிய பணம் போய்விடுமே என்று பையனை அங்கேயே சேர்த்தார்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்லூரியை நேரில் பார்க்காமல் பட்டியல் போடாதீர்கள். வரவேற்பறையில் காபி கொடுத்து, வேலை கிடைத்தவர்கள் என்று பேனரைக் காட்டுவார்கள். அதில் ஒரே பையனின் முகம் மூன்று கம்பெனிகளுக்குக் கீழே இருக்கும். நீங்கள் வெளியே வந்து எதிரே இருக்கும் டீக்கடையில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நாலு பேரோடு பேசுங்கள். லேப் திறந்திருக்கிறதா, கணக்குக்கு ஆசிரியர் ஆண்டுக்கு எத்தனை முறை மாறினார், சென்ற ஆண்டு உங்கள் பிரிவில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள் என்று கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரி வாரித் தேர்ச்சி விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தூரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "பொம்பளப் புள்ள, பக்கத்துலயே போடு" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பக்கத்தில் என்று இவர்கள் சொல்வது காலேஜ் பஸ்ஸில் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். விடியற்காலை ஐந்தரைக்குச் சாலையோரம் நிற்கும் அந்தப் பெண்கள் இரவு எட்டு மணிக்குப் புத்தகத்தின் மேல் தூங்கிவிழுகிறார்கள். மேலே இருக்கும் நல்ல கல்லூரியைத் தூரம் என்ற ஒரே காரணத்துக்காக அடித்துவிட்டு, நான்கு ஆண்டுகளைப் பேருந்தில் கழிக்க வைப்பது அநியாயம். அதே வீட்டில் அண்ணன் சென்னை விடுதியில் படித்திருப்பான். விடுதியைப் போய்ப் பாருங்கள், வார்டனிடம் பேசுங்கள், சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.

பதிவு செய்யும் இடத்திலும் கவனம் வேண்டும். பிரவுசிங் சென்டரில் அவசரத்தில் கடைக்காரரின் எண்ணையே செல்போன் எண்ணாகக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். கடவுச்சொல்லும் அவர் நோட்டில்தான் இருக்கும். பட்டியலை உறுதிசெய்யும் கடைசி மணி நேரத்தில் அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தால் என்ன செய்வது? எண் வீட்டாருடையதாக இருக்கட்டும். அந்த நாட்களில் அந்த போன் பட்டறைக்கோ வயலுக்கோ போகாமல் பிள்ளையிடம் இருக்கட்டும்.

பொறியியல் வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்கும் இதே நியாயம்தான். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 50 ரூபாய் கட்டணத்தில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வரலாறோ உளவியலோ கேட்கும் பிள்ளையிடம் "அதப் படிச்சு என்ன பண்ணுவே?" என்று கேட்பதில் தப்பில்லை. கேட்டுவிட்டுப் பதிலைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

தாராபுரத்துப் பெண்ணின் பட்டியல் கடைசியில் முப்பத்தெட்டு வரிகளுக்கு வந்தது. முதல் மூன்று வரிகளும் அவள் எழுதியபடியே நின்றன. அப்பாவுக்காகப் பக்கத்துக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துக்கொண்டாள், கீழே, போனால் படிப்பேன் என்று சொன்ன நாலு இடங்களில் மட்டும். தற்காலிக ஒதுக்கீட்டில் ஒன்பதாவது வரி வந்தது. அன்றிரவு அண்ணன் தம்பிகளெல்லாம் போனில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பாப்பாதான் முடிவு பண்ணோணும்" என்று ஒரே பதிலைச் சொன்னார். அவள் அப்வேர்ட் கொடுத்தாள். சேவை மையத்தில் பணம் கட்டினார்கள். ஆறாவது வரிக்கு ஏறியது. கோவையில் ஒரு கல்லூரி, எலெக்ட்ரிகல், விடுதி.

பிறகு அவர் என்னைக் கூப்பிட்டது வங்கிக்காக. மேனேஜர் காகிதம் கேட்கிறார், என்ன வாங்க வேண்டும் என்றார். கல்லூரியிலிருந்து போனஃபைட் சான்றிதழும், நான்கு ஆண்டுக்குமான கட்டண விவரமும், விடுதிக் கட்டணம் தனியாகக் குறிப்பிட்டு முத்திரையோடு வாங்கச் சொன்னேன். ஒதுக்கீட்டு ஆணையின் நகலையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன். "செரிங்க்கா, நாளைக்கே பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன், அவளே பேசட்டும்" என்றார்.