கச்சத்தீவு கைக்கு வந்தால் வலை நிறையுமா?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, விசைப்படகில் கூலிக்குப் போகும் ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "ஹஜ்ரத், எல்லையத் தாண்டிப் போய் புடிச்சிட்டு வர்ற மீனு ஹலால்தானா?" என்று கேட்டார். மீன் ஹலால்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் கேட்டது மீனைப் பற்றியல்ல என்பது எனக்குப் புரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவரே, "கச்சத்தீவு மட்டும் நம்மகிட்ட இருந்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது, இல்லையா?" என்றார்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் இந்த இரண்டாவது கேள்வியைச் சரியாகப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. தேர்தல் நெருங்கும்போதெல்லாம் மேடைதோறும் கேட்கிற கேள்வி இதுதான். 2024 மக்களவைத் தேர்தலின்போது பிரதமரே பேசினார். 2025 ஏப்ரல் 2 அன்று தமிழக சட்டமன்றம் தீவை மீட்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகஸ்டில் மதுரை மாநாட்டில் நடிகர் விஜய் அதே கோரிக்கையை எழுப்பினார். செப்டம்பர் 1 அன்று இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க நேரடியாகத் தீவுக்கே போய் இறங்கினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கையெழுத்தான ஒரு விஷயம் இன்னும் இவ்வளவு சூடாக இருக்கிறது.

கச்சத்தீவு மொத்தம் 285 ஏக்கர். நீளம் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம். குடிக்கத் தண்ணீர் கிடையாது, அதனால் குடியிருப்பவர்களும் கிடையாது. ராமேஸ்வரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், நெடுந்தீவிலிருந்து அதைவிடக் கொஞ்சம் குறைவு. இருப்பது ஓர் அந்தோணியார் கோயில். ஆண்டுக்கொரு முறை நடக்கும் அதன் திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் மக்கள் கடவுச்சீட்டு இல்லாமல் வந்து போகிறார்கள்.

நம் சமுதாயத்துக்கும் இத்தீவோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. ராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்ட எழுபது கிராமங்களிலும் பதினொரு தீவுகளிலும் சாயவேர் எடுக்கும் உரிமையை 1880இல் குத்தகைக்கு எடுத்தவர்களில் ஒருவர் முகம்மது அப்துல் காதர் மரைக்காயர். அந்தப் பதினொன்றில் கச்சத்தீவும் ஒன்று. துணிக்குச் சாயம் ஏற்ற வேர் தோண்டிய இடம், பிற்காலத்தில் இரண்டு நாடுகளுக்கு நடுவே வழக்காகும் என்று அந்த மரைக்காயர் நினைத்திருக்கவே மாட்டார். தீவு ராமநாதபுரம் மன்னருக்குச் சொந்தமாக இருந்தது என்று நம் தரப்பு சொல்வதற்கு இத்தகைய குத்தகைப் பத்திரங்கள் முக்கியமான ஆதாரம். மறுபக்கம், 1921இல் கொழும்பில் சென்னை மாகாண அதிகாரிகளும் இலங்கை அதிகாரிகளும் பேசியபோது, மீன்பிடி எல்லைக்கோட்டைத் தீவுக்கு மூன்று மைல் மேற்கே வைத்துப் பேசினார்கள். தீவு தங்களுடையது என்று இலங்கை காட்டுவது இதை. ஆக, இரு பக்கமும் காகிதம் இருந்தது.

1974 ஜூன் 26 அன்று கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், 28 அன்று டெல்லியில் இந்திரா காந்தியும் கையெழுத்திட்டார்கள். கோடு தீவுக்கு மேற்கே போனது. அதன் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே பயண ஆவணம் இல்லாமல் தீவுக்கு வந்து போகலாம் என்கிறது. மீன்பிடிக்கலாம் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. ஆறாவது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. அந்த வழக்கத்தில் மீன்பிடிப்பும் அடங்கும் என்று வாதிட அப்போது கொஞ்சம் இடமிருந்தது.

அந்த இடத்தை அடைத்தது 1976 மார்ச் 23. அன்று இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று நேராகவே சொல்லிவிட்டன. நாடு அவசரநிலையில் இருந்தது. தமிழ்நாட்டின் திமுக ஆட்சி ஜனவரி 31இல் கலைக்கப்பட்டிருந்தது. கேள்வி கேட்க இங்கே ஒரு முதலமைச்சர்கூட இல்லாத நேரம் அது. மேடைகளில் 1974ஐப் பற்றித்தான் பேசுகிறார்கள், மீனவனின் வயிற்றில் அடித்தது 1976 என்பதே என் கருத்து.

சட்டப்படி மீட்க முடியுமா? 1960இல் பெருபாரி விவகாரத்தில், இந்திய நிலத்தைக் கொடுப்பதானால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கச்சத்தீவுக்கு அப்படித் திருத்தம் எதுவும் வரவில்லை. இதை வைத்துத்தான் ஜெயலலிதா 2008இலும் கருணாநிதி 2013இலும் உச்ச நீதிமன்றம் போனார்கள். கொடுத்த நிலம் அல்ல, யாருடையது என்று முடிவாகாதிருந்த இடத்தில் எல்லை வகுத்தோம், அவ்வளவுதான் என்பது மத்திய அரசு நீதிமன்றத்தில் எடுத்த நிலை. 2014இல் அன்றைய அட்டர்னி ஜெனரல், தீவு வேண்டுமென்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். பத்தாண்டு கழித்து அதே அரசின் தலைவர்கள் அதே தீவைத் தேர்தல் பிரச்சாரமாக்கினார்கள். நமக்குச் சிரிப்பு வரலாம், சிறையில் இருக்கும் மீனவனின் வீட்டில் சிரிப்பு வராது.

சரி, நாளைக்கே தீவு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்கோடு தீவுக்குக் கிழக்கே சில மைல்கள் நகரும். நம் படகுகள் பிடிபடும் இடங்களைச் செய்தியில் கவனித்துப் பாருங்கள். நெடுந்தீவு அருகே, தலைமன்னார் அருகே, சில நேரம் அதற்கும் அப்பால். இழுவைப் படகுகள் இறாலைத் தேடிப் போகும் கடல் கச்சத்தீவைத் தாண்டித்தான் இருக்கிறது. நம் பக்கத்து மீன்வளம் ஏன் இவ்வளவு குறைந்தது என்பதற்கான பதிலும் அதே இழுவை மடியில்தான் இருக்கிறது. அறுபதுகளிலிருந்து இறால் ஏற்றுமதிக்காக அரசே மானியம் கொடுத்து வளர்த்த தொழில் இது. பாக் நீரிணையோ ஆழமில்லாத கடல். அடிமட்டத்தை வாரிக்கொண்டு போகும் வலை, முட்டை, குஞ்சு, பாசி எதையும் விடுவதில்லை. இதனால் முதலில் பாதிக்கப்பட்டவர்கள் நம் நாட்டுப்படகுக்காரர்கள்தான். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள் என்று முறை வைத்ததே இருவருக்கும் இடையே நடந்த சண்டையால்தான்.

அந்தக் கரையில் இருப்பவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான். போர் நடந்த முப்பது ஆண்டுகள் அவர்களைக் கடலுக்குள் விடவில்லை, அந்தக் காலத்தில் நம் படகுகள் அங்கே தாராளமாகப் பிடித்தன. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் புலிகளால் விரட்டப்பட்டதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மன்னார்க் கரையில் மீன்பிடித்து வாழ்ந்த குடும்பங்கள் அவற்றில் ஏராளம். 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் கடன் வாங்கி ஒரு ஃபைபர் படகும் நாலு வலையும் போட்டார்கள். இரவில் விரித்துவைத்த வலையை இழுவைப் படகு ஒன்று அறுத்துக்கொண்டு போனால், காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கும்? 2017இல் இலங்கை இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது அவர்களுடைய நீண்ட போராட்டத்தால்தான்.

இதைச் சொன்னால் இலங்கைக் கடற்படையை நியாயப்படுத்துகிறேன் என்று சிலர் கோபப்படலாம். அடிப்பதும், சுடுவதும், படகை மோதிக் கவிழ்ப்பதும் எந்தச் சட்டத்திலும் இல்லை. உயிரிழந்த ஒவ்வொரு மீனவருக்கும் இன்றுவரை நீதி பாக்கி. பிடிபட்ட கூலித் தொழிலாளி சிறைக்குப் போகிறார், பல லட்சம் கடன் நிற்கும் படகு அங்கே அரசுடைமையாகிறது. இந்தத் துயரத்துக்கு இடையில்தான் மறுகரையின் துயரத்தையும் பார்க்கச் சொல்கிறேன்.

வழி இல்லாமல் இல்லை. 2017இல் மத்திய அரசு ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் அறிவித்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு. மூன்று ஆண்டில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவதாகச் சொன்னார்கள், இலக்கின் சிறு பகுதியே நிறைவேறியது. ஓரிரவு போய்த் திரும்பியவரை வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்கிச் சூரை பிடிக்கச் சொல்லிவிட்டு, டீசல் செலவையும் பயிற்சியையும் பாக்கிக் கடனையும் அவர் தலையில் விட்டால் யார் வருவார்? இரு கரை மீனவர் சங்கங்களும் நேருக்கு நேர் பேசிய சந்தர்ப்பங்களில், இழுவையைப் படிப்படியாக நிறுத்துவதற்குக் கால அவகாசம் கேட்கும் அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறது. அதைத் தொடர்ந்து நடத்த எந்த அரசுக்கும் பொறுமை இருக்கவில்லை.

இதையெல்லாம் அந்த இளைஞரிடம் ஏறக்குறைய இப்படியேதான் சொன்னேன். பிறருடைய வலையை அறுத்துவிட்டு வருகிற கூலி மனதை உறுத்தத்தான் செய்யும், அந்த உறுத்தல் உங்களிடம் இருப்பது நல்லதுதான் என்றும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "படகு என்னுதில்ல ஹஜ்ரத். ஓனரும் கடன்லதான் ஓடுறாரு. வேற வேலை இருந்தா சொல்லுங்க" என்றார். மறுநாள் டோக்கன் நாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.