தோன்றா எழுவாய்

'விழிப்புணர்வு' என்ற சொல்லை ஓராண்டுக்குத் தடை செய்யும் அதிகாரம் கிடைத்தால், முதல் வேலையாகக் கல்லூரிகளில் தடை செய்வேன். இளங்கலை இறுதியாண்டு மாணவிகளின் ஆய்வுக் கட்டுரைகளை வருடா வருடம் திருத்துகிறவள் நான். 'உங்கள் பகுதியின் பிரச்சினையும் தீர்வும்' என்பது தலைப்பு. கட்டுரை முழுக்க எதை நிறுவப்போகிறீர்களோ அந்த மைய வாதத்தை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதித் தரச் சொல்வோம். பெரும்பாலும் இப்படி வரும்: "எங்கள் ஊரில் குடிநீர்த் தட்டுப்பாடு நிலவுகிறது; மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டு, தண்ணீர் சிக்கனமாகப் பயன்படுத்தப்பட்டால் இப்பிரச்சினை தீரும்."

இலக்கணப் பிழை இல்லை. மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் யார் மீது பழி விழுகிறது என்று பாருங்கள். அரிசி களைந்த தண்ணீரை மாட்டுக்கு வைத்து, பாத்திரம் கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுகிறவளுக்குச் சிக்கனத்தைப் பற்றி என்ன சொல்லித் தரப்போகிறோம்? விடியற்காலை நாலு மணிக்குக் குழாயடியில் குடம் வைத்து இடம் பிடிக்கிறவளைவிட விழித்திருப்பவர் அந்த ஊரில் யார்?

பள்ளியில் 'தோன்றா எழுவாய்' படித்திருப்போம். எழுவாய் வெளியே தெரியாமலே வாக்கியம் நடக்கும். 'சமைச்சிட்டியா?' என்று திண்ணையிலிருந்து கேட்டால், யார் சமைத்திருக்க வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இதோடு செயப்பாட்டு வினையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 'சேமிக்கப்பட வேண்டும்', 'ஏற்படுத்தப்பட வேண்டும்' என்று எழுதும்போது இரண்டு பேர் காணாமல் போகிறார்கள். ஒருத்தி, தண்ணீர் சுமக்கிறவள். அவள் மறைந்தால் அவள் உழைப்பு கணக்கில்லாமல் தொடரும். இன்னொருவர், எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று முடிவு செய்கிறவர். அவர் மறைந்தால் அவரைக் கேள்வி கேட்க ஆளே இல்லை.

'மக்கள்' என்ற சொல்லும் இதே வேலையைத்தான் செய்கிறது. கோடைக்காலச் செய்தித்தாளில் ஒரு படம் தவறாமல் வரும்: பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையாகப் பெண்கள். படத்துக்குக் கீழே 'பொதுமக்கள் அவதி' என்றிருக்கும். 2019ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அப்படிச் செய்கிற ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். இரண்டையும் கூட்டி 'மக்கள்' என்று எழுதினால் அந்த 202 நிமிடம் எங்கே போகும்?

'எங்கள் ஊர்' என்பதையும் சும்மா விட முடியாது. ஊர் என்றால் ஊரா, காலனியும் சேர்த்தா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் குடும்பங்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அந்தத் தெருப் பெண்ணிடம் போய்த் தண்ணீர்ச் சிக்கனம் பேச முடியுமா?

என் மாணவி ஒருத்தியிடம் கட்டுரையை வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டு வரச் சொன்னேன். அந்த அம்மா சொன்னது: "தண்ணி வராததுகூடப் பரவால்லடி, எப்ப வரும்னு தெரியாததுதான் பிரச்சினை." அவர்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர். தொட்டி ஆபரேட்டர் வந்து வால்வைத் திருகும் நேரம்தான் தண்ணீர் நேரம். காலை ஆறாக இருக்கலாம், மதியம் இரண்டாக இருக்கலாம். அன்று அம்மா நூறு நாள் வேலைக்குப் போக முடியாது. அம்மா போனால் இவள் கல்லூரிக்கு வர முடியாது.

பதினைந்து நாள் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்தாள்: திறந்த நேரம், மூடிய நேரம், எந்தத் தெரு முதலில், வீட்டில் காத்திருந்தது யார், அவருக்கு எது போச்சு. பிறகு வாக்கியம் தானாக மாறியது: "எங்கள் தெருவில் தண்ணீருக்காகப் பெண்கள் கூலியும் படிப்பும் இழக்கக் காரணம், திறக்கும் நேரத்தை ஆபரேட்டர் ஒருவரே முன்னறிவிப்பின்றி முடிவு செய்வது; நேரத்தைக் கிராம சபைத் தீர்மானத்தால் நிர்ணயித்துத் தெருமுனையில் எழுதி வைத்தால் இந்த இழப்பைக் குறைக்கலாம்." இதை ஒருவர் மறுக்கலாம், அதே நோட்டை வைத்துச் சரிபார்க்கலாம். காவிரியையும் பருவமழையையும் தீர்த்துவைக்கும் பாரமும் இருபது வயதுப் பெண்ணின் தலையில் ஏறவில்லை.

அடுத்த கண்ணி 'பெண்களின் பங்கேற்பு'. கேட்க நன்றாக இருக்கும், அதனால்தான் ஆபத்து. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் 2016இல் சட்டமானது. ஜல் ஜீவன் திட்டத்தின் ஊர்த் தண்ணீர்க் குழுவிலும் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தரவும் சொல்கிறது. நல்லது. சோதனைக் குப்பி பெண் கையில். வால்வு சாவி யார் கையில்? காசோலையில் கையெழுத்துப் போடும் தலைவியின் பேனா யார் பையில்? இவற்றைக் கேட்காத 'பங்கேற்பு', ஏற்கெனவே 299 நிமிடம் உழைக்கிறவள் மீது இன்னொரு கூட்டத்தை ஏற்றிவைக்கும், அவ்வளவுதான்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பெண்கள் சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் எடுத்தார்கள், வேலைக்கும் போனார்கள். சுமப்பது யார் என்று தெரிந்த தீர்வு அது. தெரிந்த இடத்திலும் சுமை அவளுடையதாகவே இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

'ஆய்வு நடுநிலையாக இருக்க வேண்டும், பெண்ணியத்தைத் திணிக்காதே' என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். எழுவாயை ஒளித்த வாக்கியம் எந்தக் கணக்கில் நடுநிலை? அது ஏற்கெனவே வால்வு சாவி வைத்திருப்பவர் பக்கம் நிற்கிறது. வாய்மொழித் தேர்வில் 'தண்ணீர்ப் பிரச்சினையில் ஆண் பெண் எதற்கு?' என்ற கேள்வி நிச்சயம் வரும். வந்தால் வாதாட வேண்டாம். நோட்டைத் திறந்து, 'காத்திருந்தது யார்' என்ற பத்தியைத் தேர்வாளரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.