வைட்டமின்தானே என்று விழுங்காதீர்கள்

வைட்டமின் ஏ முடியை வளர்க்கும், முகத்துக்குப் பொலிவு தரும், கூடுதலாகச் சாப்பிட்டால் கூடுதல் பலன். வைட்டமின்தானே, என்ன கெடுதல் வந்துவிடும்? படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமில்லாமல் இந்த எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கேப்ஸ்யூல் வாங்குவதும், அதோடு 'முடி, சருமம், நகம்' என்று படம் போட்ட மாத்திரையைச் சேர்த்துக்கொள்வதும், போதாததற்கு காட் மீன் ஈரல் எண்ணெயும் எடுத்துக்கொள்வதும் சர்வசாதாரணமாகிவிட்டது. மூன்றிலும் வைட்டமின் ஏ இருக்கக்கூடும் என்று கூட்டிப் பார்ப்பவர் அரிது. இந்த நம்பிக்கை தவறானது. முடிக்காக விழுங்கும் அந்த மாத்திரையே, அளவு மீறினால் முடியைக் கொட்டவைக்கும்.

நாம் சாப்பிடும் வைட்டமின் ஏ, உடலுக்குள் ரெட்டினாயிக் அமிலமாக மாறித்தான் தோலிலும் முடிவேரிலும் வேலை செய்கிறது. செல்லின் உட்கருவுக்குள் போய், எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று உத்தரவு போடும் பொருள் அது. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், கண்ணே போகும். 9 மாதக் குழந்தைக்கு 1 லட்சம் யூனிட் சொட்டு மருந்து கொடுப்பது அதனால்தான். அதன் பிறகான தவணைகளும் பல மாத இடைவெளியில்தான். அதைக் காட்டி, பெரியவர்கள் தினந்தோறும் விழுங்குவதற்கு நியாயம் தேடக் கூடாது.

முடியின் கணக்கு இப்படி: ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வளரும், பிறகு சில வாரங்களில் வேர் சுருங்கும், ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வில் இருந்து உதிரும். ரெட்டினாயிக் அமிலம் அளவு மீறினால், வளர்ந்துகொண்டிருக்கும் வேருக்கு 'போதும், நிறுத்து' என்ற கட்டளை முன்கூட்டியே போய்விடுகிறது. மனித முடிவேர்களை ஆய்வகத்தில் உயிரோடு வைத்து இந்த அமிலத்தைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வேரின் அடியிலுள்ள செல்கள் டிஜிஎஃப் பீட்டா 2 என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரந்தன. வளர்ச்சி நின்று வேர் சுருங்கத் தொடங்கியது.

இதிலுள்ள கொடுமை கால இடைவெளிதான். இன்று நின்ற வளர்ச்சி, சீப்பில் கொத்தாகத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் மாத்திரைமேல் சந்தேகமே எழாது. 'இவ்வளவு சாப்பிட்டும் கொட்டுகிறதே' என்று இன்னொரு டப்பா வாங்குவார்கள். உதடு வெடிக்கும், தோல் வறளும், தலை வலிக்கும், புருவமும் மெலியும். வைட்டமின் சி போல இது சிறுநீரில் போய்விடாது. கல்லீரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 யூனிட். கடையில் கிடைக்கும் 25,000 யூனிட் கேப்ஸ்யூல் ஒன்றே அதைப்போல் இரண்டரை மடங்கு.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் இல்லை. 1597இல் வட துருவக் கடலில் நொவாயா செம்லியா தீவில் சிக்கிய டச்சு மாலுமிகள் துருவக்கரடியின் ஈரலைத் தின்றார்கள். மூவருக்குத் தலை முதல் கால்வரை தோல் உரிந்தது என்று உடனிருந்த கெரிட் டெ வேர் எழுதிவைத்தார். அந்த ஈரலில் வைட்டமின் ஏ மிதமிஞ்சி இருப்பதை 1943இல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

'அப்படியானால் தோல் டாக்டர் ஏன் இதே அமிலத்தைக் க்ரீமாக எழுதுகிறார்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ட்ரெட்டினாயின் என்பது ரெட்டினாயிக் அமிலமேதான். ஆல்பர்ட் கிளிக்மனின் ஆய்வுகளுக்குப் பின், 1971 முதல் அமெரிக்காவில் பருவுக்கு அது பயன்பாட்டில் இருக்கிறது. அடைபட்ட துளைகளைத் திறக்கும்; வெயிலால் சிதைந்த கொலாஜனை மீட்க உதவும். ஆனால் அது 0.025 சதவீதம் போன்ற மிகக் குறைந்த வீரியமுள்ள க்ரீம். இரவில், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. முதல் வாரங்களில் தோல் சிவந்து உரியும், பருகூட அதிகமாகும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். முடி வளரப் பூசும் மினாக்சிடில் மருந்து பலிக்காத சிலருக்கு உச்சந்தலையில் ட்ரெட்டினாயினையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. மினாக்சிடிலை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றும் நொதியை அது கூட்டுகிறது. தோலில் பூசும் துளிக்குக் கிடைத்த நற்பெயரை, கல்லீரலுக்குப் போகும் மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்ததுதான் நாம் செய்த பிழை.

கடும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் இதே குடும்பம்தான். கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தையின் காது, முகம், இதயம், மூளை எல்லாம் ஊனப்படலாம். அதைத் தோழிக்குத் தோழி கைமாற்றிக்கொள்வது மன்னிக்க முடியாத அலட்சியம். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண் வைட்டமின் ஏ கேப்ஸ்யூலையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி பற்றிப் பயம் வேண்டாம். அவற்றிலிருப்பது பீட்டா கரோட்டின். தேவையான அளவுதான் உடல் அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். மிஞ்சினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான்.

முடி கொட்டினால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதியுங்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, பிரசவம் ஆனதா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு முன் வீட்டிலுள்ள மாத்திரை டப்பாக்களைத் திருப்பி, ஒவ்வொன்றிலும் வைட்டமின் ஏ எத்தனை யூனிட் என்று கூட்டிப் பாருங்கள். ஒரு நாள் கணக்கு 10,000ஐத் தாண்டினால், டாக்டர் எழுதித் தந்ததாக இல்லாதபட்சத்தில், இன்றே நிறுத்துங்கள்.